மூன்று கட்டையில் ஒரு பாட்டு

நன்றாக இருந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நாற்பது வருஷமாக ஒரு ராக் குழுவுக்கு ரசிகனாக இருப்பவன், போதாக்குறைக்கு ரசிகர் மன்றத் தலைவர் என்று ரப்பர் ஸ்டாம்ப் வேறு செய்து வைத்திருப்பவன், இப்படி வேண்டிக்கொள்ளலாமா. கூடாதுதான். ஆனால் என் இடது பக்கத்து நாற்காலியில் ஜெரோம் உட்கார்ந்திருக்கிறான். நாற்பது வருஷம் அவன் நின்று பாடிய இடத்தில், மைக்கை அவன் சாய்க்கிற அதே சாய்ப்பில் சாய்த்துக்கொண்டு, நிரஞ்சன் என்று ஒரு இருபத்தாறு வயசுக்காரன் நிற்கிறான். ஜெரோமை நீக்கிவிட்டு எடுத்த புதுப் பாடகன். இன்னும் வாயைத் திறக்கவில்லை. கிடார் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. வில்பிரட்டின் கிடார், அது எனக்குத் தூக்கத்திலும் தெரியும். 'பிரேக் வேன்' குழுவை ஆரம்பித்த ஐந்து பேரில் இன்றைக்கு மேடையில் மிச்சம் இருப்பது வில்பிரட் ஒருவன்தான். ஜெரோம் தலையில் தொப்பி, முகத்தில் கொரோனா காலத்து மாஸ்க். பொன்மலையில் பாதிப் பேருக்கு உன் நடையைப் பார்த்தாலே தெரியும், மாஸ்க் போட்டு என்ன ஆகப்போகிறது என்று கேட்டேன். "தெரிஞ்சா தெரியட்டும். கேட்டா ஜலதோஷம்னு சொல்லு" என்றான். மத்தியானம் மூன்று மணிக்கு அவனாகவே என் வீட்டு வாசலில் வந்து நின்றான். "லிங்கம், என்னையும் கூட்டிட்டுப் போடா. தனியாப் போனா நடுவுல எந்திரிச்சு வந்துருவேன். நீ பக்கத்துல இருந்தா உக்காந்துருவேன்." என் மனைவி வசந்தா சமையலறை வாசலில் நின்று அவனைப் பார்க்காமல் என்னையே பார்த்தாள். அவளுக்குத் தெரியும். வில்பிரட்டை விட்டால் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும், ஜெரோமை அனுப்பச் சொன்னது... இல்லை, அனுப்பச் சொல்லி நான் சொல்லவில்லை. நான் சொன்னது சுருதியைப் பற்றி. சுருதியைப் பற்றி மட்டும்தான் சொன்னேன்.

வாயைத் திறந்துவிட்டான். முதல் பாட்டு 'ஷிப்ட் சங்கு'. ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் காலை ஷிப்டுக்கு ஊதுகிற சங்கைப் பற்றி ஜெரோம் எண்பத்தைந்தில் எழுதியது, அப்போது அவன் அங்கே அப்ரெண்டிஸ். அதே சங்குக்கு முப்பத்தெட்டு வருஷம் எழுந்து ஓடிவிட்டு ஃபிட்டராகவே ரிட்டயர் ஆனான். இந்த நிரஞ்சன் சங்குச் சத்தத்தை யூடியூபில் கேட்டிருந்தால் அதிகம். பாடுகிறான். சுத்தமாகப் பாடுகிறான். சுத்தத்தைத் தவிர ஒன்றும் இல்லை என்று தோன்றியதும் அப்பாடா என்று இருந்தது எனக்கு. மோசமாகவே போகட்டும். இப்படியே இரண்டு மணி நேரமும் போய்விட்டால், வெளியே டீக்கடையில் வைத்து ஜெரோமிடம் சொல்லிவிடலாம். நான்தான்டா சொன்னேன், தப்புப் பண்ணிட்டேன், பாரு, எல்லாம் நாசமாப் போச்சு, நீ இல்லாம அது பாட்டே இல்ல. அப்படிச் சொன்னால் அவன் மன்னிப்பான். கெட்ட வார்த்தையில் நாலு திட்டு திட்டுவான், அப்புறம் மன்னிப்பான். மோசமாக இருந்தால்தான் சொல்ல முடியும். நன்றாக இருந்துவிட்டால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? ஜெரோம் என் பக்கம் சாய்கிறான், மாஸ்க்குக்குள்ளிருந்து இருமல் மிட்டாய் வாசனை. "பயப்படுறான்டா. மூச்சை நெஞ்சுக்கு மேலயே வச்சுக்கிட்டுப் பாடுறான். ரெண்டாவது பாட்டுல இறங்கிரும்." இவன் ஏன் இப்படிப் பேசுகிறான்? திட்ட வேண்டியவன் அல்லவா? இவன் திட்டினால் நானும் கூடச் சேர்ந்து திட்டிவிட்டுப் பாவத்தில் பாதியைக் கழித்துக்கொள்வேன். இரண்டு வரிசை முன்னால் மன்றத்துக்காரர்கள், ஒரு காலத்தில் இருநூறு பேர் இருந்தோம், இப்போது பதினாறு தலை, அதில் பன்னிரண்டு வழுக்கை. பாட்டு முடிந்ததும் பதினாறும் திரும்பி என்னைப் பார்க்கின்றன. தலைவர் கை தட்டினால்தான் தட்டுவார்கள். நான் மடியில் கையை வைத்துக்கொண்டு கூரையில் மின்விசிறி எத்தனை என்று எண்ணுகிறேன்.

ஆள் மாறுவது எனக்குப் புதிதில்லை. தொண்ணூற்று நான்கில் டிரம்ஸ் வாசித்த கிளமென்ட் மஸ்கட்டுக்குப் போனபோது மூன்று மாதம் நான் எந்த நிகழ்ச்சிக்கும் போகவில்லை. நான்காவது மாதம் போய்க் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். ஐந்தாவது மாதம் கண்ணைத் திறந்துவிட்டேன். கீபோர்டுக்காரன் கல்யாணம் ஆனதும் கழன்றுகொண்டான். பேஸ் கிடார் சந்தானம் மாரடைப்பில் போனான், அவன் இடத்தில் அவனுடைய தங்கை மகன் வந்தான். மூக்கு அப்படியே மாமன் மூக்கு என்பதால் அவனைச் சட்டென்று ஏற்றுக்கொண்டோம். விரல் மாமன் விரல் இல்லை என்பதைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. என்னுடைய பழைய ஸ்கூட்டர் இப்படித்தான், இன்ஜின் மாற்றி, சீட் மாற்றி, ஹேண்டில் பார் மாற்றி, கடைசியில் ஆர்.சி. புத்தகம் மட்டும்தான் பழசு. வில்பிரட் எங்களுக்கு ஆர்.சி. புத்தகம் மாதிரி. அவன் இருக்கிற வரை வண்டி அதே வண்டி என்று நாங்களும் ஓட்டிக்கொண்டிருந்தோம். ஆனால் குரல்? வாத்தியத்தை யார் வேண்டுமானாலும் வாங்கி மாட்டிக்கொள்ளலாம். குரலை எங்கே வாங்குவது? இதை மன்றக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னது சவரிமுத்து, அதோ முன் வரிசையில் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே அவர். "ஜெரோம் தம்பி போனா குழு போச்சு, மன்றத்தக் கலைச்சிருங்க" என்று அழாத குறையாகச் சொன்னார். நான் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். அந்தச் சவரிமுத்துவின் முகத்தை என்னால் இப்போது பார்க்க முடிவதில்லை. அதற்கும் காரணம் இருக்கிறது, அதற்கு வராமல் முடியாது, ஆனால் இப்போது வேண்டாம், இரண்டாவது பாட்டு ஆரம்பித்துவிட்டது.

இறங்கிவிட்டது. ஜெரோம் சொன்ன மாதிரியே மூச்சு இறங்கிவிட்டது. என்ன இது, இவ்வளவு சீக்கிரமா? கேட்கக் கேட்க எனக்குக் கோபம் வருகிறது. ஜெரோமைப் போலப் பாட முயற்சி பண்ணியிருந்தால் போலி என்று ஒதுக்கிவிட்டிருப்பேன். அவன் முயற்சியே பண்ணவில்லை, பாட்டுக்குள் சொந்த வீட்டுக்குள் நுழைகிற மாதிரி செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டான். முழங்கைக்குக் கீழே மயிர் சிலிர்க்கிறது. வேண்டாம். வேண்டாம், வேண்டாம். சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தேன், அவசரமாக இறக்கிவிடுகிறேன், மார்ச் மாத வெக்கையில் ஒருவன் சட்டைக் கையை இறக்கிப் பட்டன் போட்டால் பக்கத்தில் இருப்பவன் என்ன நினைப்பான். ஜெரோம் பார்க்கவில்லை. அவன் மேடையைத்தான் பார்க்கிறான். அவனுடைய மாஸ்க் உள்ளே போய் வெளியே வருகிறது, உள்ளே போய் வெளியே வருகிறது. முதலில் மூச்சு வாங்குகிறான் என்று பயந்தேன், அப்புறம்தான் புரிந்தது, பாடுகிறான். சத்தமில்லாமல் ஒவ்வொரு வார்த்தையாகப் பாடிக்கொண்டிருக்கிறான். பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்ட மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

சுருதி. சரி, சுருதிக்கு வருகிறேன். எண்பத்தாறில் வந்த கேசட்டில் 'ஏழாம் கேட்' மூன்று கட்டைச் சுருதி. ரயில்வே கேட் மூடியிருக்கிறது, கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருக்கிறது, அந்தப் பக்கம் அவனுக்காக ஒருத்தி நிற்கிறாள். பாட்டு முழுக்க கேட்மேனிடம் கெஞ்சுகிறான், கொஞ்சுகிறான், கடைசியில் வாத்தியம் எல்லாம் நின்றுவிடும், அவன் மட்டும் தனியாக 'தொற, கேட்மேன், தொற' என்று கத்துவான். அந்தக் கடைசி 'தொற' மேலே போய் நின்றுகொள்ளும். கீழே இறங்காது. எனக்கு என்று வாழ்க்கையில் ஒரு கத்தல் கிடையாது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தைந்து வருஷம் லைன் டெஸ்டிங்கில் உட்கார்ந்து ஹலோ ஹலோ என்று சன்னமாகச் சொன்னவன். மேலதிகாரியிடம் கத்தியதில்லை, பிரமோஷனில் என்னைத் தாண்டிப் போனவனிடம் கத்தியதில்லை, அப்பா செத்த அன்றைக்குக்கூட எல்லாருக்கும் காபி சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கும் சேர்த்து அவன் கத்தினான். மூன்று கட்டையில் கத்தினான். தொண்ணூற்றொன்பதில் ஒரு நாள் நிகழ்ச்சி கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து கேசட்டைப் போட்டால் கேசட்டில் பாட்டு உயரமாக இருந்தது. டேப் ரெக்கார்டர்தான் வேகமாகச் சுற்றுகிறது என்று ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். "ஸ்பீடு கரெக்டா இருக்கு சார், நீங்கதான் ஸ்லோவாயிட்டீங்க" என்று கடைக்காரர் சிரித்தார். டேப் சரியாக இருந்தது. குழு இறங்கியிருந்தது. கிடாரில் ஆறு கம்பியையும் அரைக் கட்டை தளர்த்தி வாசித்தால் பாடுகிறவனுக்குச் சுலபம், கேட்கிறவனுக்குத் தெரியாது. எல்லாருக்கும் தெரியாது. டயல் டோனைக் கேட்டே லைனில் எங்கே கோளாறு என்று சொன்ன காது என்னுடையது. இரண்டரைக் கட்டை, சில வருஷம் கழித்து இரண்டு, அப்புறம் ஒன்றரை. ஒன்றரைக் கட்டையில் வில்பிரட்டின் கம்பிகள் தொளதொளவென்று துணி காயப்போடுகிற கொடி மாதிரி ஆடின. நான் ஒன்றும் சொல்லவில்லை. இருபத்தைந்து வருஷம் ஒன்றும் சொல்லாமல் இருந்த ஒருவன் இன்னும் ஒரு வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கக் கூடாதா.

போன ஆடி மாதம் தஞ்சாவூரில் நடந்த நிகழ்ச்சியில் ஒன்றரைக் கட்டையிலும் ஜெரோமுக்கு அந்த 'தொற' வரவில்லை. பாதியில் உடைந்தது. கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது, பாசத்தில் தட்டியது, பேரப்பிள்ளை மேடையில் வசனத்தை மறந்தால் தட்டுவார்களே அப்படி. எனக்கு அவமானமாக இருந்தது. எனக்கு எதற்கு அவமானம்? தெரியவில்லை, ஆனால் இருந்தது. வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்து, கேசட்டில் இருக்கிற 'தொற'வையும் போனில் பிடித்து வந்த 'தொற'வையும் அடுத்தடுத்து வைத்து, வில்பிரட்டுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். நாலு நிமிஷம் நாற்பது விநாடி. வில்பி, ரெண்டையும் கேளு. மூணு கட்டையில பாட முடிஞ்சா பாடுங்க, இல்லன்னா இந்தப் பாட்டையே விட்ருங்க, இது ஒருத்தன் பாட்டு இல்ல, நம்ம எல்லார் பாட்டு. இவ்வளவுதான் சொன்னேன். பாட்டை விட்டுவிடுங்கள் என்றுதான் சொன்னேன், ஆளை விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. வில்பிரட் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் அனுப்பினான். பத்து நாள் கழித்து ஜெரோம் என் வீட்டு சோபாவில் வந்து உட்கார்ந்து கைக்குட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதான். "எவனோ ரசிகனாம்டா. ரெண்டு குரலையும் பக்கத்துல பக்கத்துல வச்சு அனுப்பியிருக்கானாம். யாருன்னு கேட்டா வில்பி சொல்லமாட்டேங்குறான். சேந்து ஆரம்பிச்சவன்டா நான். நீ விசாரி லிங்கம். மன்றத்துல எவன்னு நீ விசாரி." விசாரிக்கிறேன் என்றேன். வசந்தா டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, டம்ளரை வைத்த கையை எடுக்காமல் ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். அவன் போனதும் "சொல்லிருங்க" என்றாள். சொல்லலாம் என்று நினைத்தேன், வாரம் ஒரு முறை நினைத்தேன். வாரம் ஒரு முறை அவனும் கேட்டான், விசாரிச்சியா, விசாரிச்சியா. ஒரு நாள் அந்தக் கேள்வியைத் தாங்க முடியாமல், காதைப் பற்றிப் பெருமை அடித்துக்கொள்கிறவர் சவரிமுத்து ஒருத்தர்தானே என்று சொல்லிவைத்தேன். அவர்தான் என்று சொல்லவில்லை. ஒருத்தர்தானே என்று மட்டும் சொன்னேன். நான் எப்போதுமே இப்படித்தான், பாதி சொல்லிவிட்டு மீதியைக் கேட்கிறவன் தலையில் போட்டுவிடுவேன். அன்றிலிருந்து ஜெரோம் சவரிமுத்துவிடம் பேசுவதில்லை. அவர் மாதா கோயில் வாசலில் சிரித்துக்கொண்டே கிட்ட வருவார், இவன் வேறு பக்கம் திரும்பிக்கொள்வான். அவர் என்னிடம் வந்து "தம்பிக்கு எம்மேல என்ன வருத்தம்னு கேட்டுச் சொல்லுங்க தலைவரே" என்று கேட்பார். கேட்கிறேன் என்பேன். ஒரு பக்கம் விசாரணை, இன்னொரு பக்கம் சமாதானம், இரண்டுக்கும் நானே அதிகாரி.

ஐந்து பாட்டு முடிந்தது. ஆறாவது முடிந்தது. மன்றத்துத் தலைகள் ஒவ்வொரு பாட்டுக்கும் திரும்பிப் பார்த்து ஏமாந்துபோகின்றன. எனக்குப் பின்னால் ஒரு பெண் புருஷனிடம் "என்னங்க, நம்ம காலேஜ் நாள்ல கேட்ட மாதிரியே இருக்கு" என்கிறாள், அவளுக்கு ஐம்பது வயசு இருக்கும். ஆமாம் அம்மா, அப்படித்தான் இருக்கிறது, அதுதான் சிக்கல். நான் கொண்டுவந்த கோபத்தை எங்கேயோ தொலைத்துவிட்டேன், நாற்காலிக்குக் கீழே தேடினால்கூடக் கிடைக்காது. ஆள் மாறினால் ருசி போய்விடும் என்று நம்பி நாற்பது வருஷம் சண்டை போட்டிருக்கிறேன். இப்போது ருசி போகவில்லை என்றால் நான் நேசித்தது யாரை? ஜெரோமையா, அவன் தொண்டை வழியாக வந்துபோன ஒன்றையா? அவன் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவன் நான். என் மகளுக்கு அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் நடந்த அன்றைக்கு ஆஸ்பத்திரி வராண்டாவில் விடிய விடிய என்னோடு உட்கார்ந்திருந்தவன் அவன். இதெல்லாம் நிஜம். நிஜமாக இருந்தும் என்ன, மேடையில் வேறொருவன் நிற்கிறான், என் கால் தாளம் போடுகிறது. காலை இன்னொரு காலால் மிதித்துப் பிடித்துக்கொள்கிறேன். "நல்லாப் பாடுறான்லடா?" ஜெரோம் கேட்கிறான். கேள்வியா, சோதனையா? "ம்" என்கிறேன். அந்த ம்-மில் எது வேண்டுமானாலும் இருக்கலாம்.

வில்பிரட் மைக்குக்கு வருகிறான். பேசுகிற வழக்கமே இல்லாதவன் அவன். கிடாரின் கம்பிகளை ஒவ்வொன்றாக முறுக்கிக்கொண்டே பேசுகிறான். "அடுத்த பாட்டு என்னன்னு உங்களுக்கே தெரியும். இருபத்தஞ்சு வருஷமா இதக் கொஞ்சம் கொஞ்சமா இறக்கிட்டோம். எங்க வசதிக்காக இறக்கிட்டோம். ஒரு பழைய ரசிகர் எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாரு." பேரைச் சொல்லிவிடாதே. வில்பி, தயவுசெய்து சொல்லிவிடாதே, உன் காலில் விழுகிறேன். "அவரு இங்கதான் இருக்காரு. அவருக்காக இன்னிக்கு மூணு கட்டையில." அவ்வளவுதான். பேர் சொல்லவில்லை. கூட்டம் யார் யார் என்று திரும்பிப் பார்க்கிறது, மன்றத்துக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள், சவரிமுத்து மற்ற எல்லாரையும் போல வியப்போடு தலையைத் திருப்பித் தேடுகிறார். ஜெரோமும் தேடுகிறான். முன் வரிசையில் சவரிமுத்து தேடுவதை அவன் பார்த்துவிட்டான், பார்த்துக்கொண்டே இருக்கிறான். இப்போது சொல்லிவிடு, இந்த விநாடி, பாட்டு ஆரம்பிப்பதற்கு முன்னால், நான்தான்டா என்று ஒரே வார்த்தை. வாயைத் திறக்கிறேன். கிடார் ஆரம்பித்துவிட்டது. மூன்று கட்டை. கம்பிகள் இறுகி நிற்கின்றன, அந்த முதல் வீச்சு வந்து நெற்றியில் மோதுகிறது, இருபத்தைந்து வருஷம் கழித்து அதே உயரத்தில் அதே வீச்சு. நான் சொல்ல வந்ததை மறந்துபோனேன். பயத்தில் விழுங்கினேன் என்று பின்னால் சொல்லிக்கொள்ளலாம். பயம் இல்லை. மறந்துபோனேன்.

அரங்கமே கூடப் பாடுகிறது. ஜெரோமும் பாடுகிறான், இப்போது சத்தமாக, கூட்டத்தோடு கூட்டமாக, மாஸ்க் மூக்கிலிருந்து இறங்கித் தாடையில் கிடக்கிறது. பக்கத்தில் இருப்பவனுக்கு மட்டும் கேட்கிற கரகரப்பு. இந்தப் பாட்டை எல்லாரும் கூடப் பாடலாம், ஆனால் அந்தக் கடைசி வரியை மட்டும் யாரும் பாடக் கூடாது. வாத்தியம் நின்றதும் அரங்கம் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அந்த வரி மேடைக்கு மட்டும். எண்பத்தொன்பது கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியில் குடித்துவிட்டு வந்த ஒருவன் கூடக் கத்தி அதைக் கெடுத்த பிறகு மன்றம் போட்ட சட்டம் இது, போட்டது நான். யாராவது தெரியாமல் வாயைத் திறந்தால் பக்கத்தில் இருக்கிற மன்றத்துக்காரன் அவன் முழங்காலில் கையை வைத்து ஓர் அழுத்து அழுத்துவான். பேச்சே கிடையாது, அழுத்து மட்டும்தான். கூட்ஸ் வண்டி போகிறது, பெட்டி பெட்டியாக டிரம்ஸ் போகிறது, கேட்மேன் அசையவில்லை, வருகிறது, இதோ வருகிறது, வாத்தியம் எல்லாம் நின்றது. நிரஞ்சன் கண்ணை மூடிக்கொண்டு 'தொற' என்று ஆரம்பிக்கிறான். பக்கத்தில் இன்னொரு 'தொற'. ஜெரோம். பழக்கம். நாற்பது வருஷம் அந்த நிசப்தத்தில் பாடியவன் அவன் ஒருவன்தான், அவனுக்கு எப்படித் தெரியும் இங்கே பாடக் கூடாது என்று, அவன் ஒரு நாளும் கீழே உட்கார்ந்து இதைக் கேட்டதில்லையே. முகத்தை மேலே தூக்கி, கழுத்து நரம்பு புடைக்க, மூன்று கட்டையைப் பிடிக்கப் போகிறான், குரல் கிழிகிறது, காற்றுதான் வருகிறது, காற்றும் கரகரப்பும். "யாருங்க அது, கொஞ்சம் கேக்க விடுங்களேன்" என்று பின்னாலிருந்து அந்தப் பெண். திரும்பிச் சொல்ல வேண்டும், அம்மா, இது ஜெரோம், இந்தப் பாட்டே இவனுடையது, எழுந்து நின்று கும்பிடு என்று சொல்ல வேண்டும். என் கை போய் அவன் முழங்காலில் உட்காருகிறது. அழுத்துகிறது.

நின்றுவிட்டான். அந்த அழுத்து என்ன என்று யாரும் அவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நிரஞ்சனின் 'தொற' மேலே போய் நிற்கிறது. நாலு எண்ணிக்கை, ஐந்து, ஆறு, இறங்கவில்லை, ஏழு. முழுசாகக் கேட்டேன். கை அவன் முழங்காலிலேயே இருக்க, அந்த ஏழு எண்ணிக்கையும் ஒரு துளி சிந்தாமல் கேட்டேன். சந்தோஷமாக இருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் மற்றது எல்லாம் பொய். என் தொண்டைக்குள் இத்தனை வருஷம் அடைத்துக்கொண்டிருந்தது எல்லாம் அந்தக் குரலோடு மேலே போனது, கண்ணில் தண்ணீர் வந்தது, கூச்சமே இல்லாமல் வந்தது. டிரம்ஸ் வந்து விழுந்ததும் அரங்கம் எழுந்துவிட்டது. நானும் எழுந்து நிற்கிறேன், தலைக்கு மேலே கையைத் தூக்கித் தட்டுகிறேன், பதினாறு தலைகளும் திரும்பி என்னைப் பார்த்துவிட்டு எழுந்து தட்டுகின்றன, சவரிமுத்து காதிலிருந்து பஞ்சை எடுத்துவிட்டு விசில் அடிக்கிறார். தலைவர் தட்டிவிட்டார், இனிமேல் நிரஞ்சன் எங்கள் பாடகன்.

ஜெரோம் எழுந்திருக்கவில்லை. கூட்டம் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு அவன் ஞாபகம் வருகிறது. உட்காருகிறேன். மாஸ்க்கைக் கழற்றி நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டிருக்கிறான். மேடையைப் பார்த்துக்கொண்டே பேசுகிறான், குரலில் கோபம் இல்லை, இருந்திருக்கலாம்.

"சவரிமுத்து இல்லல்ல?"

"இல்ல."

"நீதான்."

"ஆமாடா."

தலையை ஆட்டுகிறான், இரண்டு தரம், மூன்று தரம். "ஆறு மாசமா அந்த மனுஷன் சிரிச்சா நான் மொகத்தத் திருப்பிக்கிட்டுப் போயிருக்கேன்" என்கிறான். என்னைத் திட்டுவான் என்று காத்திருக்கிறேன், திட்டினால் வாங்கிக்கொள்ளலாம், வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருக்கிறேன். அவன் திட்டவில்லை. தொப்பியைச் சரிபண்ணிக்கொண்டு, முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்திருக்கிறான். "வா. போலாம்." மேடையில் வில்பிரட் அடுத்த பாட்டுக்குக் கம்பியைத் தட்டுகிறான். இரண்டே சுரத்தில் கண்டுபிடித்துவிட்டேன், 'பார்சல் ஆபீஸ்', மூன்று கட்டையில்தான் அது வரும், இருபத்தைந்து வருஷமாக அவர்கள் அதை மேடையில் தொடவே இல்லை. ஜெரோம் குனிந்தபடி எனக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறான்.

"இன்னும் ரெண்டு பாட்டு இருக்குடா" என்கிறேன்.